ஓடக்காரன் காட்டிய வழி

உட்காருங்க பாணரே. அந்த மூட்டை மேலயே உட்காரலாம், கழுதைங்களுக்கு வச்சிருக்கிற பார்லிதான், ஒண்ணும் ஆகாது. யாழை இப்படிக் குடுங்க, சுவத்துல சாய்ச்சு வைக்கிறேன். கப்பல் கிளம்ப இன்னும் நேரமாகும். எண்ணெய் ஜாடி ஏத்துறாங்க. ஒண்ணு உடைஞ்சாலும் மாலுமி எல்லாரையும் திட்டித் தீர்த்துடுவான், அதனால மெதுவாத்தான் ஏத்துவாங்க.

நான் லிகார்தஸ் அரசனோட போருக்குப் போனவன்னு யாரு சொன்னா உங்களுக்கு? துறையில சொன்னாங்களா. ம். வேற என்ன சொன்னாங்க? கிழவனுக்கு வாய் அடங்காது, அரசனைப் பத்திக் கேட்டா காறித் துப்புவான்னு சொல்லியிருப்பாங்களே. சரியாத்தான் சொல்லியிருக்காங்க. தூ.

சாலோஸ் ஆத்தைக் கடந்த கதைதானே வேணும்? எல்லாருக்கும் அதுதான் வேணும். போன திருவிழாவுல உங்களை மாதிரி ஒருத்தர் வந்து அரண்மனை முற்றத்துல அதைப் பாடினாரு. நானும் போனேன். பின்னால, எலும்புக்குக் காத்துக்கிட்டு இருந்த நாய்ங்களோட நின்னு கேட்டேன். வீரன் லிகார்தஸ் ஆத்தங்கரையில நின்னு கையைத் தூக்கி வேண்டினானாம். உடனே தேவதை ஒரு வெள்ளைக் கொக்கா இறங்கி வந்தாளாம். ஆழமில்லாத இடமாப் பாத்து ஒவ்வொரு காலா எடுத்து வச்சு நடந்து காட்டினாளாம். படை முழுக்க அந்தக் கொக்கு பின்னாலயே போய்ச் சிமோரா நகரத்தைப் பிடிச்சுதாம்.

கொக்காம். ஜனங்க அழறாங்க, பாணரே. முக்காட்டை இழுத்துக் கண்ணைத் துடைச்சுக்கிறாங்க. மேல ஆசனத்துல அவன் உட்கார்ந்திருக்கான், தொப்பையும் அவனுமா. அவனும் அழறான். தன் கதையைக் கேட்டுத் தானே அழற ஆளை நீங்க பாத்திருக்கீங்களா? தாடி வழியா வழியுது, கூடவே ஆட்டுக் கொழுப்பும் வழியுது. ரெண்டையும் சேத்து ஒரே கையால துடைச்சான்.

அந்த ஆத்துல அன்னிக்குக் கொக்கும் இல்ல, நாரையும் இல்ல. நான் இருந்தேன்.

பதினோரு வருஷம் அவனுக்குத் தேர் ஓட்டினேன். பாட்டுல அவனுக்கு என்ன பட்டம்? 'தேர்வல்ல லிகார்தஸ்.' உங்க ஆளுங்க அவன் பேரை எடுக்கும்போதெல்லாம் முன்னால அதை ஒட்டிடுறீங்க. தேர் ஓட்டுறதுல வல்லவனாம்! அவன் கடிவாளத்தைக் கையில பிடிச்சதே ஒரு தடவைதான். பிடிச்ச மாத்திரத்துல சக்கரம் பள்ளத்துல இறங்கி, நாங்க ரெண்டு பேரும் முள்ளுச் செடியில கிடந்தோம். தோள்ல தழும்பு இருக்கில்ல, எதிரி ஈட்டி பாய்ஞ்சதுன்னு பாடுவீங்களே? அது கோவேறு கழுதை கடிச்சது. அந்தக் கழுதையோட வாயைப் பிளந்து அவனை விடுவிச்சவன் நான். அன்னிக்கு அவன் போட்ட கூச்சல் இருக்கே, சிமோரா மதில் வரைக்கும் கேட்டிருக்கும்.

சாப்பிட்டா கையை என் முதுகுல துடைப்பான். துணி எடுத்து வச்சாலும் அதைத் தொடமாட்டான், என் முதுகுதான். பதினோரு வருஷம் என் சட்டையில அவன் சாப்பாட்டு நாத்தம். தலைக்கு எண்ணெய், அதுக்கு மேல வாசனை, பொன்முடிக்குள்ள பேன். ராத்திரியெல்லாம் சொறிஞ்சுட்டு, காலையில சபைக்குப் போய், 'என் மானம்'னு ஆரம்பிப்பான்.

ஒன்பதாவது வருஷம்தான் ரொம்ப மோசம். ஆத்துக்கு இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அவங்க. சாலோஸ் சின்ன ஆறு இல்ல. மலையில பனி உருகினா யானையைக்கூட அடிச்சுக்கிட்டுப் போகும். பாலத்தை அவங்க எரிச்சுட்டாங்க. முகாம்ல காய்ச்சல். வயித்தால போய்ப் போயே ஆளுங்க செத்தாங்க. நாத்தம்னா நாத்தம், ஈ வாயில நுழையும், மூடவே முடியாது. அப்போ தலைவருங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? ஒரு கொப்பரைக்காக இருபது நாள் சண்டை போட்டாங்க. ஏதோ கோயில்ல கொள்ளையடிச்ச வெண்கலக் கொப்பரை. அது எனக்குத்தான் சேரணும்னு இவன், எனக்குத்தான்னு இன்னொருத்தன். ரெண்டு பேரும் கூடாரத்துக்குள்ள போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. வெளியில நாங்க பொணம் சுமந்தோம்.

அந்தப் பொணங்களுக்குப் பாட்டுல பேர் உண்டா? சிலருக்கு உண்டு, ஒத்துக்கிறேன். எப்போ? சாகும்போது. இன்னார் மகன், இன்ன ஊர், ஆட்டுப்பட்டி வச்சிருந்தான், பல்லு வழியா ஈட்டி போச்சு. முடிஞ்சது. எங்களை மாதிரி ஆளுக்குப் பாட்டுல இடம் வேணும்னா வாயில ஈட்டி வாங்கணும். உசிரோட திரும்பி வந்தா ஒரு சொல் கிடையாது. இதெல்லாம் உங்க தப்பு இல்ல, எனக்குத் தெரியும். உங்களுக்கு யார் சோறு போடுறாங்களோ அவங்களைத்தானே பாடணும். கோவிச்சுக்காதீங்க.

மெலித்தா! பாணருக்கு ஏதாவது கொண்டா.

கொண்டு வருவா. கூப்பிட்டா பதில் சொல்லமாட்டா, ஆனா வேலை நடக்கும்.

அந்தக் கோடையில என் சாம்பல் குதிரை கயித்தை அறுத்துக்கிட்டு ஓடிடுச்சு. நல்ல குதிரை, பெண்குதிரை, முகாம்ல மனுஷங்க யாரையும்விட எனக்கு அதைத்தான் பிடிக்கும். ஆத்தோரமாவே மேல தேடிக்கிட்டுப் போனேன். நடு ஆத்துத் திட்டுல புல்லைப் பாத்து அது தண்ணியில இறங்கியிருக்கு. இழுத்துக்கிட்டுப் போகுது. நானும் குதிச்சேன். எனக்கு நீச்சல் அவ்வளவா வராது. ஒரு பாறையில மோதித் தோள் மூட்டு நழுவின சத்தம் எனக்கே கேட்டுது. அப்புறம் நினைவு இல்ல.

முழிச்சுப் பாத்தா ஒரு குடிசை. கோரைப் பாய். ஒருத்தன் என் வாயில ஏதோ சூடா ஊத்துறான். அவன்தான் அந்த ஓடக்காரன். எதிர்க்கரையில, சிமோராவுக்குக் கொஞ்சம் மேல, ஆட்டுக்காரங்களையும் சந்தைக்குப் போறவங்களையும் அக்கரை சேர்க்கிற ஆள். போர் வந்ததுல பிழைப்பு போச்சு, மீன் பிடிச்சுக்கிட்டு இருந்தான். பொண்டாட்டி இல்ல, ஒரே மகள். எங்க வியாபாரிங்க கூடப் பழகினதால எங்க பேச்சு கொஞ்சம் வரும்.

என் இடுப்புல இருந்த கத்தியைப் பாத்தான். எந்தப் பக்கத்து ஆள்னு தெரிஞ்சிருக்கும். ஒண்ணும் கேக்கல. முதல்ல மீன் கஞ்சி குடுத்தான். ரொட்டியில உப்புத் தடவிக் குடுத்தான். நான் சாப்பிட்டு முடிச்ச பிறகுதான், "உன் பேர் என்ன தம்பி?"ன்னு கேட்டான்.

"பெரிலாஸ்"னு சொன்னேன்.

"உன் குதிரையும் பிழைச்சுக்கிச்சு, பெரிலாஸ். முன்னங்கால்ல அடி. என் மக பச்சிலை கட்டியிருக்கா."

நாலு நாள் அங்க இருந்தேன். என் தோளுக்கும் அந்தப் பொண்ணுதான் கட்டுப் போட்டா. அப்போ அவ நிறையப் பேசுவா. குதிரைகிட்டயே பேசிக்கிட்டு இருப்பா. சிரிப்பா. அவங்க பாஷை எனக்குப் புரியாது, இருந்தாலும் கேக்க நல்லா இருக்கும்.

அஞ்சாம் நாள் கிளம்பினேன். நொண்டிக் குதிரையை ஓடத்துல ஏத்த முடியாது, நீந்தவும் அதால ஆகாது. ஓடக்காரன் ஒரு கோலை எடுத்துக்கிட்டு, "வா, ஆடு கடக்கிற இடத்தைக் காட்டுறேன்"னு முன்னால இறங்கினான். அந்த வெள்ளத்துல அப்படி ஒரு இடம் இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல, பாணரே. முதல்ல ஒரு கறுப்புப் பாறை. அங்கிருந்து எங்க கரையில தெரியற ஒத்தை மரத்தைப் பாத்து நேரா நடக்கணும். நடுவுல மணல் மேடு. இடுப்புக்கு மேல தண்ணி ஏறல. குதிரை தலையை ஆட்டிக்கிட்டு நடந்து வந்துடுச்சு.

இந்தக் கரைக்கு வந்ததும் அவன் சொன்னான், "தம்பி, இந்த இடம் ஆட்டுக்காரங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். உங்க ஆளுங்ககிட்டச் சொல்லிடாதே."

நான் தலையை ஆட்டினேன்.

இதைக் கவனிங்க. தலையைத்தான் ஆட்டினேன். வாயால எதுவும் சொல்லல. ஆணையிடல, தெய்வத்தைக் கூப்பிடல. யாராவது ஏதாவது சொன்னா நாம தலையாட்டுறது இல்லையா, அந்த மாதிரி. லிகார்தஸ் பண்ணினது வேற. அவன் ஆணையிட்டான். அதுக்கு வர்றேன்.

முகாமுக்குத் திரும்பினேன். அஞ்சு நாளா ஆளைக் காணோமே, செத்தானா இருக்கானான்னு ஒருத்தன் கேக்கல. லிகார்தஸ் கேட்டான். "எங்கேடா போய்த் தொலைஞ்ச? தேர் எல்லாம் சேறு"ன்னு கேட்டான்.

மூணு நாள் நான் யார்கிட்டயும் மூச்சு விடல. சத்தியமா. மூணாம் நாள் எங்க ஊர்க்காரன் ஒருத்தன் செத்தான், என் மடியில, ஈ மொய்க்க. எனக்கு அப்படியே வெறுத்துப்போச்சு. ஒரே ஒரு வழி தெரிஞ்சா இத்தனை பேரும் வீட்டுக்குப் போகலாமேன்னு தோணுச்சு. அதனாலதான் சொன்னேன். அன்னிக்குச் சாயங்காலம் லிகார்தஸ் எல்லார் முன்னாடியும் இன்னொரு தலைவனோட தேரோட்டியைப் பாத்து, "ஓட்டினா இவனை மாதிரி ஓட்டணும், எனக்கும் வாய்ச்சிருக்கானே"ன்னு சொன்னான், வாஸ்தவம்தான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. எங்க ஊர்க்காரன் செத்ததுதான் காரணம்.

கூடாரத்துக்குப் போய்ச் சொன்னேன். "அரசே, ஆத்தைக் கடக்க எனக்கு ஒரு வழி தெரியும். ஆனா ஒரு நிபந்தனை. கரையில ஒரு ஓடக்காரன் குடிசை இருக்கு. அவன் வீட்டு உப்பை நான் தின்னிருக்கேன். அவனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது."

லிகார்தஸ் எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடிச்சான். முதல் தடவை. "அந்த வீட்டு மேல என் கை படாது. சாலோஸ் நதி மேல ஆணை"ன்னான். என் தலையிலயே கையை வச்சுச் சொன்னான். "நாளைக்குச் சபையில முதல்ல உன் பேரைத்தான் சொல்லப் போறேன், பாரு."

மறுநாள் சபை. நான் குதிரைங்களைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நிக்கிறேன். எல்லாத் தலைவருங்களும் இருக்காங்க. அவன் எழுந்து, சபையில பேசுறவங்க கையில பிடிக்கிற செங்கோலை வாங்கினான். தொண்டையைச் செருமினான். அவன் ஆரம்பிக்கிறான்: "விடியக்காலையில நான் தனியா ஆத்தங்கரையில நின்னேன். அப்போ ஒரு வெள்ளைக் கொக்கு..."

நீங்களே சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க பாணரே, அதைவிட ஈனம் ஒண்ணு இருக்கா? மனுஷன் செய்ற காரியமா அது? என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. எல்லாரும் ஈட்டியால கேடயத்தைத் தட்டி ஆரவாரம் பண்றாங்க. குதிரைங்க மிரளுது, நான் அடக்கிக்கிட்டு நிக்கிறேன். பதினெட்டு வருஷம் ஆச்சு. இப்பவும் அந்தச் சத்தம் காதுல விழுந்தா காறித் துப்புவேன்.

ஓடக்காரன் விஷயமா? சொல்றேன், சொல்றேன். அதுவும் அவன் பண்ணினதுதான்.

ரெண்டு நாள் கழிச்சு, மூடுபனியில கடந்தோம். முன்னால எங்க தேர். ஒத்தை மரத்துக்கு முதுகைக் காட்டி நேரா கறுப்புப் பாறை, அதைத் தாண்டினா அந்தக் கரை. நான் ஓட்டுறேன், சாம்பல் குதிரைக்கு வழி தெரியும், அதுவே போகுது. கரை ஏறினதும் முதல்ல வர்றது அந்தக் குடிசைதான். தண்ணிச் சத்தம் கேட்டு ஓடக்காரன் வெளியில வந்தான். பனியில எங்களுக்குப் பின்னால வர்ற படை அவனுக்குத் தெரியல. குதிரையும் நானும்தான் தெரிஞ்சிருக்கோம்.

சிரிச்சான். "பெரிலாஸ்! குதிரைக்குக் கால் ஆறிடுச்சா?"

லிகார்தஸ் ஈட்டியை எறிஞ்சான். கிட்டத்துல இருந்து எறிஞ்சா குறி தப்பாது, குழந்தைகூட எறியலாம்.

நான் கத்தினேன். "அரசே, ஆணை!"ன்னு கத்தினேன். கத்தினேன்னுதான் நினைக்கிறேன். தண்ணிச் சத்தம் வேற. தேரை நிறுத்தியிருக்கலாமேன்னு கேப்பீங்க. பின்னால நூறு தேர் வருது, நிறுத்தினா எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். குதிரைக் கால் என்ன ஆகும்? அதெல்லாம் ஓட்டுறவனுக்குத்தான் தெரியும்.

அவன் என்ன சொன்னான் தெரியுமா? ஈட்டியைப் பிடுங்கித் துடைச்சுக்கிட்டே, "வீட்டு மேல கை படாதுன்னுதான் சொன்னேன். அவன் வீட்டுக்கு வெளியிலதானே நின்னான்"னான். சொல்லிட்டுச் சிரிச்சான். ஆணையை வார்த்தை வார்த்தையாப் பிச்சு, தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கிறான். இப்படிப்பட்டவன் வீரன்! இவனுக்குப் பாட்டு! நான் என்னிக்காவது ஒரு ஆணையை மீறியிருக்கேனா? கேட்டுப் பாருங்க இந்த ஊர்ல. ஒருத்தன் சொல்லட்டும்.

குடிசையைப் பின்னால வந்தவங்க எரிச்சாங்க. பொண்ணை முடியைப் பிடிச்சு வெளியில இழுத்துட்டு வந்தாங்க. லிகார்தஸ் அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பாத்துட்டு, "தேரோட்டி, இந்தா, இது உன் பங்கு"ன்னான். ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் போடுற மாதிரி தேர்ல போட்டான்.

நான் வேற என்ன பண்ணியிருக்கணும்? வேண்டாம்னு சொன்னா? பின்னால வர்றவங்க யாருன்னு எனக்குத் தெரியும். நான் எடுத்துக்கிட்டதாலதான் அவ பிழைச்சா. அவங்க அப்பன் என்னைக் காப்பாத்தினான், நான் அவளைக் காப்பாத்தினேன். சரியாப் போச்சு. அந்த மட்டும் என் மனசு சுத்தம்.

இவதான். ஆமா, இவதான் மெலித்தா. சாப்பாட்டை வச்சுட்டுப் போறாளே, அவதான். உங்களுக்குத் தெரியாதா? துறையில சொல்லலையா?

அவ பேரு அவங்க பாஷையில ஏதோ நீளமா இருக்கும், வாயில நுழையாது. நான்தான் மெலித்தான்னு வச்சேன். தேனீன்னு அர்த்தம். நல்ல பேர்தானே? ஊருக்கு வர்ற வழியில கப்பல்ல ரெண்டு தடவை தண்ணியில விழுந்துட்டா. ஆத்துக்காரி, கடல் பழக்கமில்ல, தலை சுத்தியிருக்கும். அப்புறம் பாய்மரத்தோட கட்டித்தான் கூட்டிட்டு வந்தோம், அவ நல்லதுக்கு.

பதினெட்டு வருஷம் என் வீட்ல இருக்கா. ஒரு அடி அடிச்சதில்ல. ஊர்ல மத்தவங்க போர்ல கொண்டு வந்த பொம்பளைங்களை என்ன பாடு படுத்துறாங்கன்னு போய்ப் பாருங்க. இவளுக்கு இங்க ஒரு குறையும் இல்ல. பேச்சுதான் கம்மி. நிம்மதியா இருக்கிறவங்க எதுக்குப் பேசணும்? குழந்தை இல்ல. மலைக்காரி ஒருத்திகிட்ட ஏதோ வேர் வாங்கிக் கொதிக்க வச்சுக் குடிப்பா, மாசா மாசம், உடம்புக்கு நல்லதுன்னு. நானும் தடுக்கிறதில்ல. சமையல் நல்லாத்தான் பண்ணுவா, உப்பு மட்டும் போடமாட்டா. அவளுக்குத் தனியா வடிச்சு உப்புப் போட்டுத் தின்பா, எனக்கு வைக்கிறதுல ஒரு கல் இருக்காது. மறதி. ஆரம்பத்துல சொல்லிப் பாத்தேன், அப்புறம் நானே போட்டுக்கப் பழகிட்டேன். அந்தக் கிண்ணத்துல இருக்கு பாருங்க, உங்களுக்கு வேணும்னா போட்டுக்கோங்க.

ஏன் பாணரே, சாப்பிடலையா? சரி, அப்புறம் சாப்பிடுங்க.

லிகார்தஸுக்கு வர்றேன். ஊருக்கு வந்ததும் என்னைத் தேர்ல இருந்து இறக்கிட்டான். அவன் சித்தப்பா மகன் ஒருத்தன், மீசை முளைக்காத ஆள், பாக்க அழகா இருப்பான், அவன் கையில கடிவாளத்தைக் குடுத்தான். எனக்கு இந்தத் துறையில பொதி சுமக்கிற கழுதைங்களைப் பாத்துக்கிற வேலை. கழுதை! நான் கேக்கல. வாயைத் திறக்கல. ஆனா போன திருவிழாவுல அந்தக் கொக்குப் பாட்டைக் கேட்டதும் என்னால முடியல. பாட்டு முடிஞ்சுது. ஜனங்களைத் தள்ளிக்கிட்டு நேரா முன்னால போனேன். இன்னிக்கு எல்லார் முன்னாடியும் கேட்டுடறதுன்னு போனேன்.

அவன் என்னை அடையாளம் கண்டுக்கிட்டான். அதான் கஷ்டமாப் போச்சு. "அடடே, என் தேரோட்டி!"ன்னு எழுந்தே நின்னுட்டான். பக்கத்துல மூணு தீவு அரசருங்க விருந்துக்கு வந்திருக்காங்க. அவங்ககிட்டத் திரும்பி, "இவன் அன்னிக்கு என் பக்கத்துல இருந்தவன். கண்ணால பாத்தவன். சொல்லுடா, கொக்கு எப்படி இருந்துச்சு?"ன்னான்.

எல்லாரும் என்னையே பாக்கிறாங்க. அந்தப் பாணர்கூட என்னைத்தான் பாக்கிறாரு.

நான் சொன்னேன்... என்ன சொல்ல முடியும்? வெளியூர் அரசருங்க முன்னாடி எங்க அரசனைப் பொய்யன்னு சொன்னா எங்க ஊருக்கே அவமானம் இல்லையா? அதைத்தான் யோசிச்சேன். "வெள்ளையா இருந்துச்சு, அரசே"ன்னேன். "ரொம்பப் பெரிசு. கண்ணு கூசிச்சு"ன்னேன்.

கண்ணு கூசிச்சுன்னது அவனுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பாணரைப் பாத்து, "இதைச் சேத்துக்கோ"ன்னான். தன் தட்டுல இருந்து ஒரு தொடைக்கறியைத் தன் கையாலயே எடுத்துக் குடுத்தான். அப்புறம் என் தோளைத் தட்டுற மாதிரி கையை முதுகுல துடைச்சான். எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும் அந்தத் துடைப்பு. அருவருப்பான மனுஷன். தூ. கறி நல்லாத்தான் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல.

வீட்டுக்கு வந்து இதை மெலித்தாகிட்டச் சொன்னேன். அவகிட்ட எல்லாம் சொல்லுவேன். பாருடி, உங்கப்பன் காட்டின வழியைக் கொக்கு காட்டுச்சுன்னு பாடுறாங்க, என்னையே சாட்சி சொல்ல வைக்கிறாங்கன்னேன். கையில இருந்த பாத்திரத்தைக் கீழ வச்சுட்டு வெளியில போயிட்டா. அவளுக்கும் அவன் மேல அவ்வளவு வெறுப்பு. எங்க ரெண்டு பேருக்கும் அதுல ஒரே மனசு.

அதனாலதான் நீங்க வந்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். நீங்க வேற மாதிரி ஆள்னு பாத்தாலே தெரியுது. நடந்ததை நடந்தபடி பாடுவேன்னு வாசல்லயே சொன்னீங்க. பாடுங்க. லிகார்தஸ் எப்படிப்பட்ட ஆள்னு கடலோரத்து ஊர் எல்லாம் தெரியட்டும். கொக்கு இல்ல, ஒரு மனுஷன்தான் வழி காட்டினான்னு தெரியட்டும்.

என்ன?

ஓடக்காரன் பேரா?

அவன் பேர்... இருங்க. ஓடக்காரன். எல்லாரும் அப்படித்தான்... நான் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடல, பெரியவரேன்னு கூப்பிட்டேன். அவன்தான் என் பேரைக் கேட்டான். நான் கேக்கல. உடம்பு முடியாம படுத்திருந்தேன் இல்ல? அப்புறம் இவகிட்டக் கேக்கணும்னு... தோணல. பாட்டுக்கு அது அவசியமா? சரி, வேணும்னா இவளையே கேட்டுடலாம். இது ஒரு பெரிய காரியமா.

மெலித்தா! இங்க வா. வாடி. இந்தப் பாணர் உங்க அப்பாவைப் பாட்டுல வைக்கப் போறாரு. உங்கப்பா பேரென்ன? சொல்லு. வெக்கப்படாதே. கடலோரம் முழுக்கப் பாடப் போறாங்க, உங்கப்பா பேரை. யாருக்குக் கிடைக்கும் இது? சொல்லு.

...

கேட்டீங்களா? கேட்டீங்களா பாணரே, அவ சொன்னதை? 'எங்க அப்பா பேரை இவங்க பேரோட ஒரே பாட்டுல வைக்காதீங்க'ன்னு. எங்க பாஷையில! இவ்வளவு நீளமா அவ பேசி நானே கேட்டதில்ல. உங்களைப் பாத்துச் சொல்றா, என்னைப் பாத்து இல்ல. பதினெட்டு வருஷம் சோறு போட்டிருக்கேன். 'இவங்க'ங்கிறா. யாரைச் சொல்றா? லிகார்தஸையும்... வேற யாரை? அவன் ஒருத்தன்தானே. மரியாதைக்கு 'இவங்க'ன்னு சொல்லியிருப்பா. ரெண்டு பேர்னு அர்த்தம் வராது. எங்க பாஷை அவளுக்குச் சரியா வராது, அதான்.

கதவைச் சாத்திட்டுப் போறா பாருங்க.

ஏன் எழுந்துட்டீங்க? கப்பல் இன்னும் ஏத்தி முடிக்கல, அங்க பாருங்க, பத்துப் பதினஞ்சு ஜாடி கரையிலயே இருக்கு. ஒரு வாய்கூடச் சாப்பிடலையே நீங்க. யாழ், யாழை மறந்துட்டீங்க, இந்தாங்க. என்ன அவசரம்? அவ சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க. அவ அப்படித்தான். ஓடக்காரனை விட்டுடுங்க, அவ வேண்டாங்கிறா, சரி. ஓடக்காரன் இல்லாமலே பாடலாம். குதிரையைத் தேடிக்கிட்டுப் போன தேரோட்டி தானாவே வழியைக் கண்டுபிடிச்சான்னு வச்சாலும் தப்பு இல்ல, ஏறக்குறைய அதுதானே நடந்துச்சு.

பாணரே! பெரிலாஸ். தேரோட்டி பெரிலாஸ். மறந்துடாதீங்க.